அதிபர் தூங்கப் போகும்போது என்ன சொன்னார்?

கேள்வி இதுதான்: ஆர்ட் புக்வால்ட் என்ற அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் காலமெல்லாம் அதிபர்களைக் கிண்டல் செய்தே எழுதினாராமே, அதனால் ஒரு அதிபராவது அசைந்தாரா? அந்த எழுத்தில் அப்படி என்ன விசேஷம்? இன்று ஏன் அந்த மாதிரி யாரும் பெரிதாகத் தெரிவதில்லை?

முதல் பாதிக்குப் பதில் சுலபம். யாரும் அசையவில்லை. அதிபர் நிக்சனை நாற்காலியிலிருந்து இறக்கியது நிருபர்களும் நீதிமன்றமும் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றமும் அவரே பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்களும்தான். அந்த வேலையில் நையாண்டிப் பத்திகளுக்குப் பங்கு கிடையாது. மிச்சப் பாதிக்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும். 1957 டிசம்பரில் பாரிஸில் நடந்த ஒரு கூத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்த மாதம் நேட்டோ நாடுகளின் தலைவர்கள் பாரிஸில் கூடினார்கள். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மூன்று வாரம் முன்புதான் லேசான பக்கவாதம் வந்து போயிருந்தது. 1955-இல் ஒரு மாரடைப்பு வேறு. அதனால் மாநாட்டில் என்ன முடிவானது என்பதை விட, அதிபர் எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சாப்பிட்டார், முகம் எப்படி இருந்தது என்பதுதான் நிருபர்களுக்குப் பெரிய செய்தி. வெள்ளை மாளிகையின் பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் ஹேகர்ட்டி தினமும் அவர்களைக் கூட்டி வைத்து இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

புக்வால்ட் அப்போது ஹெரால்ட் டிரிப்யூன் நாளிதழின் பாரிஸ் பதிப்பில் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். அரசியல் அவருடைய துறையே அல்ல. எந்த ஓட்டலில் சாப்பாடு நன்றாயிருக்கும், இரவு விடுதிகளில் யார் யார் வந்து போகிறார்கள் என்று எழுதி வளர்ந்தவர். அவர் ஒரு கற்பனைப் பத்திரிகையாளர் சந்திப்பை எழுதினார். ஏறத்தாழ இப்படிப் போகும்: தூங்கப் போகலாம் என்ற யோசனை யாருடையது என்று ஒரு நிருபர் கேட்கிறார். அது அதிபரின் யோசனைதான் என்று பதில் வருகிறது. தூங்கும் முன் யாரிடமாவது பேசினாரா? ஆமாம், வெளியுறவு அமைச்சரிடம் பேசினார். என்ன பேசினார்? ‘குட் நைட், ஃபாஸ்டர்’ என்றார். அதற்கு அமைச்சர் என்ன சொன்னார்? ‘குட் நைட், மிஸ்டர் பிரசிடென்ட்’ என்றார். அந்த ஃபாஸ்டர் என்பவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். பாதி உலகத்தோடு பனிப்போர் நடத்திக்கொண்டிருந்த ஆள்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போயிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். ஹேகர்ட்டி கொதித்துவிட்டார். அந்தப் பத்தியைக் கண்டிப்பதற்கென்றே நிருபர்களைக் கூட்டி, இது கலப்படமே இல்லாத சுத்தக் குப்பை என்று முழங்கினார். புக்வால்ட் சாவகாசமாகப் பதில் சொன்னார்: கலப்படக் குப்பை எழுதியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், கலப்படமில்லாத குப்பையை நான் எழுதியதே கிடையாது. அவ்வளவுதான். அதுவரை ஓரளவுக்கே தெரிந்திருந்த பெயர் ஒரே வாரத்தில் ஊரெல்லாம் தெரிந்த பெயராகிவிட்டது. ஐசன்ஹோவருக்கு அந்தப் பத்தி சிரிப்பைத்தான் வரவழைத்தது என்று பிறகு சொன்னார்கள். அதிபருக்கு வராத கோபம் அதிபரின் ஆளுக்கு வந்தது.

நையாண்டி என்றால் என்னவென்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அந்தப் பத்தியில் ஐசன்ஹோவரைப் பற்றி மட்டமாக ஒரு வார்த்தை கிடையாது. அவருடைய நோயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடி விழுந்தது கேள்வி கேட்டவர்கள் மேலும், அதற்குப் பதில் சொன்னவர் மேலும். அதுவும் அடி மாதிரியே தெரியாது. நிஜமான சந்திப்பின் குறிப்பு மாதிரிதான் இருக்கும். நிஜச் சந்திப்பு எங்கே முடிகிறது, கற்பனை எங்கே ஆரம்பிக்கிறது என்பது ஹேகர்ட்டிக்கே சந்தேகமாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் அவ்வளவு கோபம்?

அப்புறம் அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1925-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். தாயார் மனநல மருத்துவமனைக்குப் போய்விட்டார். பிள்ளை வளர்ப்புக் குடும்பங்களில் மாறி மாறி வளர்ந்தது. பதினேழு வயதில் ஓடிப்போய்க் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார். போர் முடிந்து கல்லூரிக்குப் போனார். பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1948-இல் ஒருவழி டிக்கெட்டில் பாரிஸ். 1962-இல் வாஷிங்டனுக்கு வந்து அரசியல் பத்தியில் இறங்கினார். உச்சத்தில் அவருடைய பத்தி ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் வந்தது. 1982-இல் புலிட்சர் பரிசு, கருத்துரைப் பிரிவில். நகைச்சுவைக்கென்று அங்கே தனிப் பரிசு கிடையாது. அதனால் கனமான அரசியல் பத்தி எழுதுகிறவர்களோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

ஐந்நூறு பத்திரிகை என்றதும் ஐந்நூறு முறை எழுதினார் என்று நினைக்க வேண்டாம். சிண்டிகேட் என்றொரு ஏற்பாடு உண்டு. எழுத்தாளர் ஒருமுறை எழுதிக் கொடுப்பார். சிண்டிகேட் அதை ஊர் ஊராக விற்கும். பெரிய நகரத்து நாளிதழ் கூடுதலாகவும் சின்ன ஊர் நாளிதழ் கொஞ்சமாகவும் கொடுக்கும். தலைப்பு வைப்பது அந்தந்த ஊர் துணையாசிரியர். இடம் போதாவிட்டால் கடைசிப் பாராவை வெட்டிப் போடுவதும் அவர்தான். இதைத் தெரிந்துகொண்டால் புக்வால்ட் ஏன் அப்படி எழுதினார் என்பது பாதி புரிந்துவிடும். கட்டுரை ஒரு பக்கத்தின் ஓரத்தில் அடங்க வேண்டும். எழுதிய அன்றே எல்லா ஊரிலும் அச்சாகாது என்பதால் நேற்றைய செய்தியை நம்பி எழுத முடியாது. அயோவாவில் சோள விவசாயிக்கும் புரிய வேண்டும், வாஷிங்டன் வக்கீலுக்கும் சலிக்கக் கூடாது. அதனால் அவர் ஒரே அச்சைப் பிடித்துக்கொண்டார். முதல் பாராவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தி. இரண்டாவது பாராவில் ‘இதைப் பற்றி விசாரிக்க ஓர் அதிகாரியைப் பார்க்கப் போனேன்’ என்று பிறக்கும் ஒரு கற்பனை ஆள். மிச்சமெல்லாம் அந்த ஆளோடு பேச்சு. பத்தி எழுத்தாளர் அப்பாவியாகக் கேள்வி கேட்பார். அதிகாரி அரசாங்கத்தின் வாதத்தை முழு மனதோடு விளக்குவார். விளக்க விளக்க வாதம் தானாகவே அவிழ்ந்து விழும்.

1965-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாதம் டொமினிக்கன் குடியரசில் உள்நாட்டுச் சண்டை. அங்கே இருக்கும் அமெரிக்கர்களின் உயிரைக் காப்பாற்றத்தான் என்று சொல்லி அதிபர் ஜான்சன் படையை இறக்கினார். இருபதாயிரத்துக்கு மேல் சிப்பாய்கள் போனார்கள். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேறிய பிறகும் படை அங்கேயே இருந்தது. இதற்கு ஒரு தலையங்கம் என்ன எழுதும்? இறையாண்மை, சர்வதேசச் சட்டம், பனிப்போர் என்று நாலு பத்தி போகும். புக்வால்ட் ஒரே ஒரு ஆளைக் கற்பனை செய்தார். எல்லோரும் போய்விட்ட ஓட்டலில் மாட்டிக்கொண்ட கடைசி அமெரிக்கச் சுற்றுலாப் பயணி. அவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பப் பார்க்கிறார். ராணுவம் விட மாட்டேன் என்கிறது. நீ போய்விட்டால் நாங்கள் யாரைக் காப்பாற்றுவது?

அரசாங்கம் சொன்ன காரணத்தை அவர் மறுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியே ஏற்றுக்கொண்டு, அது போகச் சொன்ன வழியில் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். அந்த ஓர் அடியில் பள்ளம் இருந்தது.

அதே வருடம் வியட்நாம். 1964 தேர்தலில் ஜான்சனை எதிர்த்து நின்றவர் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டர். அவர் ஜெயித்தால் நாடு போரில் குதித்துவிடும் என்பதுதான் ஜான்சன் தரப்புப் பிரச்சாரத்தின் சாரம். ஒரு சிறுமி பூவிதழ்களைப் பிய்த்துப் பிய்த்து எண்ணிக்கொண்டிருக்க, அணுகுண்டு வெடிக்கும் அந்தத் தொலைக்காட்சி விளம்பரம் அப்போது வந்ததுதான். ஜான்சன் 61 சதவீத வாக்கோடு ஜெயித்தார். 1965 மார்ச்சில் வட வியட்நாம் மேல் தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது. அதே மாதம் கடற்படைக் காலாட்படை டா நாங்கில் கரையிறங்கியது. புக்வால்ட் ஒரு பத்தி எழுதினார்: நல்லவேளை, கோல்ட்வாட்டர் ஜெயிக்கவில்லை, ஜெயித்திருந்தால் இந்நேரம் என்னென்ன நடந்திருக்கும் என்று யோசித்தாலே உடம்பு நடுங்குகிறது, என்று. பிறகு கோல்ட்வாட்டர் செய்திருக்கக்கூடிய அட்டூழியங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். வட வியட்நாமில் குண்டு போட்டிருப்பார், மேலும் மேலும் படை அனுப்பியிருப்பார், இப்படியே. பட்டியல் முழுக்க ஜான்சன் அப்போது செய்துகொண்டிருந்த வேலைகள். ஜான்சன் மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. கடைசி வரி வரை அவருக்கு நன்றிதான்.

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்த ஔவை, உன் வேல்களெல்லாம் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி எவ்வளவு அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளே, அதே வேலை. தொண்டைமான் முகத்தில் என்ன ஓடியது என்று பாட்டு சொல்வதில்லை. ஹேகர்ட்டி முகத்தில் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த புக்வால்ட் பத்தி 1973-இல் வந்தது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கப் புகுந்து மாட்டிக்கொண்டதை நிக்சன் தரப்பு மூடி மறைக்கப் பார்த்த வாட்டர்கேட் ஊழல் நாறிக்கொண்டிருந்த வருடம். விருந்துகளில் நிக்சன் ஆதரவாளர்கள் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்களே, பாவம், அவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று கைவசம் வைத்துக்கொள்ள ஒரு பதில் பட்டியல் போட்டுக் கொடுத்தார். முதல் பதில், எல்லாரும் செய்வதுதானே. இரண்டாவது, சப்பாக்விடிக்கில் நடந்தது மட்டும் என்னவாம்? 1969-இல் செனட்டர் எட்வர்ட் கென்னடி காரைப் பாலத்திலிருந்து தண்ணீரில் விட்டு, கூட வந்த பெண் இறந்துபோன இடம் அது. வாட்டர்கேட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதுதான் அந்தப் பதிலின் பயனே. பட்டியல் இப்படியே நீண்டுகொண்டு போகும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தொகுப்பில் இதை முதலில் படித்தபோது சிரித்தேன். இப்போது படித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றினால், எந்த நாட்டில் எந்தக் கட்சிக்காரர் டிவி விவாதத்தில் உட்கார்ந்தாலும் அதே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்.

அதிபர் எதுவும் செய்யாமல் போனார், சரி. படிக்கிறவருக்கு என்ன கிடைத்தது? இதுதான். அந்தப் பட்டியலைப் படித்தவருக்கு அடுத்த விருந்தில் யாராவது ‘எல்லாரும் செய்வதுதானே’ என்று ஆரம்பித்தவுடன் ‘ஓ, ஒன்றாம் நம்பர்’ என்று தோன்றியிருக்கும். பொய்யைத் தடுக்க அவரால் முடியாது. அதற்கு நம்பர் போட முடிந்தது.

இப்படிப்பட்டவர்கள் அங்கே புக்வால்டோடு ஆரம்பிக்கவில்லை. லிங்கன் 1862 செப்டம்பர் 22-ஆம் தேதி அமைச்சர்களைக் கூட்டி அடிமை விடுதலைப் பிரகடனத்தை வாசிப்பதற்கு முன்னால், ஆர்ட்டிமஸ் வார்ட் என்ற புனைபெயரில் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவரின் வேடிக்கைக் கட்டுரை ஒன்றை எடுத்து வாசித்துச் சிரித்தார். போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டன் மட்டும் சிரிக்கவில்லை என்று நிதியமைச்சர் சேஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்னால், 1798-இல், அதிபர் ஜான் ஆடம்ஸ் நியூவார்க் நகரம் வழியாகப் போனபோது மரியாதைக்குப் பீரங்கி முழங்கியது. லூதர் பால்ட்வின் என்ற ஒரு குடிமகன், அந்தக் குண்டு அதிபரின் பின்பக்கத்தில் பாய்ந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று சொல்லித் தொலைத்தார். தேசத்துரோகப் பேச்சுச் சட்டம் புதிதாக வந்திருந்த நேரம். அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. லிங்கன் சிரித்ததற்கும் இதற்கும் இடையே அறுபத்து நாலு வருடம்.

இந்த வரிசையில் மூத்த தச்சர் என்று நான் சொல்வது ஃபின்லி பீட்டர் டன் என்பவரை. சிகாகோ பத்திரிகையாளர். 1893-இல் மிஸ்டர் டூலி என்ற பாத்திரத்தைப் படைத்தார். டூலி ஓர் ஐரிஷ்காரர், சாராயக்கடை வைத்திருப்பவர். கடைக்கு வரும் ஹென்னஸியிடம் நாட்டு நடப்பைப் பேசுவார். எல்லாம் கொச்சை ஐரிஷ் ஆங்கிலத்தில். இன்று படிக்கக் கொஞ்சம் பல்லை உடைக்கும். பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லித் திட்டினால் வழக்கு வரும், கடைக்காரர் உளறினால் யார் மேல் வழக்குப் போடுவது என்ற கணக்கும் அதில் இருந்தது. துணை அதிபர் பதவியைப் பற்றி டூலி சொன்னது இன்றும் பழசாகவில்லை: அது குற்றம் என்று சொல்ல முடியாது, அதற்காக ஜெயிலில் போட மாட்டார்கள், ஆனாலும் ஒரு மாதிரி அவமானம்தான்.

1899-இல் தியடோர் ரூஸ்வெல்ட், கியூபாப் போரில் தானும் தன் குதிரைப்படையும் செய்ததைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். டூலி அதற்கு மதிப்புரை சொன்னார். ரூஸ்வெல்ட் போரை ஆரம்பித்தார், ரூஸ்வெல்ட் மலையேறினார், ரூஸ்வெல்ட் ஜெயித்தார் என்று போகும் அந்தப் புத்தகத்துக்கு ‘கியூபாவில் தனியாக’ என்றே பேர் வைத்திருக்கலாம் என்று முடித்தார். ரூஸ்வெல்ட் அப்போது நியூயார்க் ஆளுநர். உடனே டன்னுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் மதிப்புரையைப் படித்து என் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மிகவும் சந்தோஷப்படுகிறார்கள் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன், இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அப்புறம் இருவரும் நண்பர்கள்.

இந்தக் கதையை எல்லோரும் ரூஸ்வெல்ட்டின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். எனக்கு அது ரூஸ்வெல்ட்டின் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிகிறது. கிண்டல் செய்தவரை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டால் கிண்டலும் வீட்டுச் சாமான் ஆகிவிடுகிறது. சிரிக்கத் தெரிந்த அதிபர் என்ற பெயரும் இலவசமாகச் சேர்ந்துகொள்கிறது. அதிபர் மக்கின்லி காலத்து நிதியமைச்சர் டூலியை அமைச்சரவையிலேயே வாசித்துக் காட்டுவாராம். பிலிப்பைன்ஸ் மேல் படையெடுத்ததை டூலி எவ்வளவு கிழித்தாலும், படை திரும்பி வரவில்லை.

புக்வால்டுக்கும் இதே நோய் உண்டு. கென்னடி குடும்பத்துக்கு வேண்டியவர். ராபர்ட் கென்னடி வீட்டில் நடக்கும் செல்லப்பிராணிப் போட்டிக்குத் தலைமை தாங்குவார். வாஷிங்டனில் அவர் போகாத விருந்து குறைவு. நிக்சனைப் பற்றி, அவர் நடக்கும் புதைமணலையே நான் தொழுகிறேன் என்று ஒருமுறை சொன்னார். கென்னடிகளைப் பற்றி அந்தக் கூர்மை வந்ததில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோமோ அவர்கள் மேல் பேனா கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். குறை சொல்லி என்ன பயன். எழுத்தாளர் என்று பார்த்தால் நியூயார்க் டைம்ஸில் 1962 முதல் 1998 வரை எழுதிய ரஸ்ஸல் பேக்கர் அவரை விட ஒரு படி மேல் என்பது என் கட்சி. பேக்கரின் வாக்கியம் திரும்பிப் பார்க்க வைக்கும். புக்வால்டின் வாக்கியம் கண்ணில் படவே படாது. விஷயம் மட்டும் வந்து விழும். எது கஷ்டம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

விருந்துக்கு மசியாதவர் என்றால் டெக்ஸஸின் மாலி ஐவின்ஸ். ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷை அவர் டெக்ஸஸ் ஆளுநராக இருந்த நாளிலிருந்தே கவனித்து எழுதியவர். புஷ் என்றால் புதர். அப்பா புஷ் ஏற்கெனவே அதிபராக இருந்தவர் என்பதால் மகனுக்கு ‘குட்டிப் புதர்’ என்று பொருள் வருகிற மாதிரி ஷ்ரப் என்று பேர் வைத்தார். 1992-இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் வலதுசாரி அரசியல்வாதி பாட் பியூக்கானன் ஆற்றிய அனல் பறக்கும் பேச்சைக் கேட்டுவிட்டு, இது மூலமான ஜெர்மன் மொழியில் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று எழுதியதும் அவர்தான். அந்த ஒரு வரி போதும். ஹிட்லர் பெயரை எடுக்கவே இல்லை. புக்வால்டும் ஐவின்ஸும் 2007 ஜனவரியில் இரண்டு வார இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். புக்வால்ட் போகும்போதும் ஒரு வேலை செய்துவிட்டுத்தான் போனார். தானே தோன்றி, ‘வணக்கம், நான் ஆர்ட் புக்வால்ட், இப்போதுதான் செத்துப்போனேன்’ என்று சொல்லும் வீடியோவை முன்கூட்டியே பதிவு செய்து நியூயார்க் டைம்ஸிடம் கொடுத்து வைத்திருந்தார்.

இனி, இன்று ஏன் அப்படி யாரும் தெரிவதில்லை என்பது. எழுதுகிறவர்கள் இல்லாமலில்லை. வாஷிங்டன் போஸ்ட்டில் அலெக்ஸாண்ட்ரா பெட்ரி பல வருடம் எழுதினார். என் கணக்கில் டூலியின் நேர் வாரிசு. 2017 மார்ச்சில் டிரம்ப் தன் முதல் பட்ஜெட் திட்டத்தை வெளியிட்டார். ராணுவத்துக்கு 54 பில்லியன் டாலர் கூடுதல். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு 31 சதவீத வெட்டு. கலைகளுக்கான தேசிய நிதி அமைப்பு அடியோடு காலி. பெட்ரி உடனே, இந்த பட்ஜெட் முழுக்க நியாயமானது, அமெரிக்காவைச் சரிசெய்துவிடும், எப்படி என்று சொல்கிறேன் என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு பத்தி எழுதினார். உள்ளே, கலைக்கான அமைப்பை ஒழித்துவிட்டு அந்த இடத்தில் சுறாமீன் படம் வரைந்த ஒரு கவச ஹெலிகாப்டரை வைக்கப் போகிறார்கள் என்ற ரீதியில் பாராட்டு மழை. மறுநாள் வெள்ளை மாளிகை தன் ஆதரவாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல் மடலில், படிக்க வேண்டிய செய்திகளுள் ஒன்றாக அந்தப் பத்திக்கு இணைப்புக் கொடுத்திருந்தது. தலைப்பைப் பார்த்தார்கள், பாராட்டு என்றிருந்தது, போட்டுவிட்டார்கள்.

ஹேகர்ட்டியையும் இந்த மடல் தயாரித்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹேகர்ட்டி பத்தியை முழுக்கப் படித்தார். அதனால்தான் கோபம் வந்தது. 1957-இல் அந்தப் பத்தி செய்தித்தாளில் தனக்கென்று ஓர் இடத்தில், புக்வால்ட் பெயரோடு, ஓட்டல்களைப் பற்றி எழுதுகிற ஆள்தான் இவர் என்று வாசகருக்குத் தெரிந்த நிலையில் வந்தது. பக்கமே அவருக்குப் பாதி வேலையைச் செய்தது. இப்போது பத்திக்குப் பக்கம் கிடையாது. தலைப்பு ஒரு பக்கம் போகிறது, ஒரு வரியைத் திரையில் பிடித்த படம் இன்னொரு பக்கம் போகிறது. நேரான முகத்தோடு சொல்கிற நகைச்சுவைக்குச் சுற்றியிருக்கும் இடம்தான் கண் சிமிட்டல். இடம் போனால் முகம் மட்டும் மிஞ்சும்.

இன்னொரு காரணமும் உண்டு. புக்வால்டின் வித்தையெல்லாம் அரசாங்கம் தன் வாதத்தை ஒரு கட்டத்தில் நாகரிகமாக நிறுத்திக்கொள்ளும் என்பதை நம்பி இருந்தது. அது நிறுத்திய இடத்திலிருந்து அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். அதிபரே நாலடி முன்னால் போய் நின்றுகொண்டு, அதையும் நள்ளிரவில் தானே எழுதி வெளியிட்டு, காலையில் அது சும்மா கிண்டல் என்றும் சொல்லிவிட்டால், பத்தி எழுத்தாளர் எங்கே கால் வைப்பது? சிண்டிகேட்டிடம் பத்தி வாங்கிய சின்ன ஊர் நாளிதழ்களில் பல மூடிவிட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சோள விவசாயியிடம் பத்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க இன்று ஆள் இல்லை.

ஆனால் கேலியை உண்மை என்று நம்புவது இணையத்தோடு வந்த வியாதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டூலி 1902-இல் செய்தித்தாள்களின் அகம்பாவத்தைக் கிண்டல் செய்தார். போலீஸை நடத்துவதும் பேப்பர்தான், வங்கியை நடத்துவதும் அதுதான், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அதுதான், துன்பப்படுகிறவரைத் தேற்றுவதும் சுகப்படுகிறவரைத் துன்புறுத்துவதும் அதுதான், செத்தவரைப் புதைப்பதும் அதுதான் என்று அடுக்கிக்கொண்டு போனார். நடுவிலிருந்து அந்தத் தேற்றுவது, துன்புறுத்துவது இரண்டை மட்டும் உருவியெடுத்துப் பத்திரிகைக்காரர்கள் தங்கள் தொழிலின் மந்திரமாக இன்று வரை ஓதுகிறார்கள், விருது மேடைகளில், கண் கலங்க.

எல்லாவற்றுக்கும் தாத்தா ஒரு குளியல் தொட்டி. பால்டிமோர் பத்திரிகையாளர் ஹெச். எல். மென்கன் 1917 டிசம்பர் 28-ஆம் தேதி ஒரு நியூயார்க் மாலை நாளிதழில் பத்தி எழுதினார். முதல் உலகப் போர்க் காலம். மென்கன் ஜெர்மன் வம்சாவளி, போரைப் பற்றி மனதில் உள்ளதை எழுத முடியாத நிலை. அதனால் குளியல் தொட்டியைப் பற்றி எழுதினார். அமெரிக்காவின் முதல் குளியல் தொட்டி 1842 டிசம்பர் 20-ஆம் தேதி சின்சினாட்டி நகரில் நிறுவப்பட்டது, 75 ஆண்டு நிறைவை நாடே மறந்துவிட்டது என்று வருத்தப்பட்டார். ஈயத் தகடு பதித்த மகோகனி மரத் தொட்டி, எடை 1,750 பவுண்டு. உடம்புக்கு ஆகாது என்று டாக்டர்கள் எதிர்த்தார்கள். வர்ஜீனியா மாநிலம் தொட்டிக்கு வருடம் 30 டாலர் வரி போட்டது. கடைசியில் மில்லார்ட் ஃபில்மோர் அதில் துணிந்து இறங்கிக் குளித்துப் பார்த்தார், பிறகு அதிபரானதும் வெள்ளை மாளிகையிலேயே ஒரு தொட்டி வைத்தார், அதன் பிறகுதான் நாட்டில் குளிப்பது மரியாதையான காரியமாயிற்று.

ஒரு வார்த்தை உண்மை இல்லை. ஆனால் ஃபில்மோர் என்ற பதின்மூன்றாவது அதிபரைப் பற்றி வேறு எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்லாததால் எல்லோரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மருத்துவக் கட்டுரைகளில் வந்தது. கலைக்களஞ்சியங்களில் ஏறியது. பயந்துபோன மென்கன் 1926 மே 23-ஆம் தேதி, நான் எழுதியது முழுப்பொய் என்று ஒப்புதல் வாக்குமூலம் எழுதினார். பல நாளிதழ்கள் வெளியிட்டன. அவற்றுள் ஒன்று பாஸ்டன் ஹெரால்ட். மூன்றே வாரம் கழித்து அதே பாஸ்டன் ஹெரால்ட், குளியல் தொட்டியின் வரலாறு என்று அதே பழைய கதையைச் செய்தியாகப் போட்டது. ட்ரூமன் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகைக்கு வருகிறவர்களிடம் ஃபில்மோரின் தொட்டிக் கதையைச் சொல்வாராம். 2008-இல் கூட ஒரு கார் கம்பெனி, அதிபர்கள் தின விளம்பரத்தில் அதை உண்மை என்று எடுத்து விட்டது.

நியூயார்க் மாநிலத்தில் மொராவியா என்று ஓர் ஊர், ஃபில்மோர் பிறந்த இடத்துக்குப் பக்கம். அங்கே அவர் பெயரில் கோடைத் திருவிழா நடத்தி வந்திருக்கிறார்கள். முக்கிய நிகழ்ச்சி, சக்கரம் வைத்த குளியல் தொட்டிகளைத் தெருவில் ஓட்டும் பந்தயம்.